ஒரு பல்லுகூடத் தள்ளி நிக்கல

சாக்குல என்ன இருக்குன்னுதான தம்பி பாக்கிய? காலு இடிக்குதா? இருங்க, இந்தப் பக்கமா நகட்டி வச்சுக்கிடுதேன். கறை ஒட்டாது, பேப்பர் சுத்தித்தான் வச்சிருக்கேன். கியரு. டிராக்டர் இன்ஜின்ல முன்பக்கம் இருக்கும்லா, டைமிங் கியரு, அது. பல்லு தேஞ்ச பழைய கியரு. அதோட ஆயில் கசியாம வைக்குத பேக்கிங் ஒண்ணும் இருக்கு. இத எதுக்கு இந்த மனுசன் கட்டித் தூக்கிட்டு அலையுதான்னு நெனைப்பிய. சாட்சிக்குக் கொண்டு போறேன். கோவில்பட்டியில ஒருத்தனுக்கு வேலை கெடைக்கப் போகுது. அது கெடைக்காமப் பண்ணப் போறேன். ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. அதான் முதல்லயே சொல்லிட்டேன்.

இது கோவில்பட்டி பஸ்ஸுதான? நீங்க போர்டு வாசிச்சுச் சொன்னதாலதான் ஏறுனேன். இப்ப பஸ்ஸுக்கெல்லாம் எழுத்த லைட்டுல ஓடவிடுதான். ஓடுத எழுத்த மனுசன் எப்படி வாசிப்பான்?

எம்பேரு தங்கப்பழம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்துல ஊரு. டிராக்டர் மெக்கானிக்குன்னு கேட்டா அந்தப் பக்கத்துல சின்னப் பிள்ளைகூட எங்க ஷெட்டக் காட்டும். முப்பத்தஞ்சு வருசமா இதான் தொழில். ஒரு இன்ஜின கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன். சும்மா சொல்லல.

அந்த ஒருத்தன் யாருன்னு நீங்க கேக்கல. கேக்காட்டாலும் சொல்லுவேன். எம்பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி. பாலவேசம்னு பேரு. இருபத்திரெண்டு வருசம் எங்கூட வேல பாத்தான். ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவனுக்கு ஸ்பானரக் குடுத்து, தொழிலக் குடுத்து, கல்யாணமும் பண்ணி வச்சவன் நான். அவன் நாலு பேரு மத்தியில என்னப் பாத்து, 'அத்தான், நீங்க பூட்டுனது தப்பு'ன்னு சொல்லிட்டான். சொன்னது ஆவணி மாசம். இன்னைக்கு ஐப்பசி. இன்னும் எனக்கு ஆறல.

கேளுங்க. எங்க ஊருல சீனிராசுன்னு ஒரு சம்சாரி. கரிசக்காடு கொஞ்சம் கெடக்கு, எண்பத்திரெண்டுல எடுத்த டிராக்டர் ஒண்ணு இருக்கு. அந்த வண்டியில முன்பக்கம் கறகறன்னு சத்தம். தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுத மாதிரி. நான் கிட்டப் போகல, தெருவுல நின்னே சொன்னேன், டைமிங் கியரு பல்லு தேஞ்சிட்டு, மாத்தணும்னு. புரட்டாசி மழைக்கு முன்ன அவன் காட்ட உழுதாகணும். அதனால உடனே மாத்திக் குடுங்கன்னான். நானும் பாலவேசமும் அவன் களத்துக் கொட்டகையிலயே வண்டியப் பிரிச்சோம்.

இந்த எடத்தக் கொஞ்சம் கவனமாக் கேட்டுக்கிடுங்க. முன்பக்க மூடியக் கழத்துனா உள்ள நாலு கியரு ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கிட்டு நிக்கும். கிராங்கு கியரு, நடுக் கியரு, கேம் கியரு, டீசல் பம்பு கியரு. பல்லு ஓரத்துல கடுகு அகலத்துக்குப் புள்ளி குத்தியிருப்பான். நடுக் கியரு மத்த மூணையும் தொடுத மூணு எடத்துலயும் புள்ளியும் புள்ளியும் சேரணும். சேந்தாத்தான் எப்ப வால்வு தொறக்கணும், எப்ப டீசல் பீச்சணும்னு இன்ஜினுக்கு வரிசை தப்பாது. ஒரு பல்லு தள்ளுனாலும் வண்டி வெள்ளையாப் பொகைக்கும், ஸ்டார்ட் ஆக அழும், இழுவை இருக்காது.

இதுல ஒரு விசேசம் உண்டு. சேத்துப் பூட்டுன பிறகு இன்ஜின ஒரு சுத்து சுத்துனா புள்ளி கலைஞ்சிரும். ரெண்டு சுத்து சுத்துனாலும் சேராது. அந்த வண்டிக்குப் பதினெட்டு சுத்து. பதினெட்டு சுத்து முடிஞ்சாத்தான் மூணு எடமும் மறுபடி ஒண்ணுபோல வந்து நிக்கும். அரைகுறை மெக்கானிக்கு ரெண்டு சுத்துல பாத்துட்டு, அய்யோ தப்பாப் பூட்டிட்டோம்னு நல்லா இருக்கதப் பிரிச்சுக் கெடுத்துருவான். இத பாலவேசத்துக்குச் சொல்லிக் குடுத்தவன் யாரு? நான்.

எங்க வழக்கம் என்னன்னா, புள்ளி சேக்கது நான், போல்ட்டு மாட்டுதது அவன். இருபத்திரெண்டு வருசத்துல ஒரு நாளும் அது மாறுனதில்ல. புள்ளிய நான் நகத்தாலதான் தடவிப் பாப்பேன். முந்தி கண்ணால பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மூணு வருசமா நகந்தான். தொழில் முத்த முத்த வேல தன்னால நகத்துக்கு வந்துரும். கண்ணுல எனக்கு ஒரு குறையும் இல்ல. காலையில கொஞ்சம் பொகையடிச்ச மாதிரி இருக்கும். அது டீசல் பொகை. முப்பத்தஞ்சு வருசமா அதுலயே நிக்கவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயத்துலதான் அவன் ஒரு நோட்டீசக் கொண்டாந்து ஷெட்டுல சாமி படத்துக்குக் கீழ ஆணியில மாட்டி வச்சான். நல்ல கெட்டிப் பேப்பரு. எட்டயபுரத்துப் பள்ளிக்கூடத்துல கண்ணு பாக்குத முகாமாம். கண்ணுப் பொறை எடுத்து விடுதாங்களாம். 'அத்தான், ஒங்க பேரையும் எழுதிட்டேன். வந்து உக்காந்தாப் போதும், நான் கூட இருக்கேன்'னு சொல்லுதான். வண்டி கொண்டாந்த ரெண்டு பேரு நிக்காங்க, அவங்களுக்குக் கேக்குத மாதிரி. மெக்கானிக்குக்குக் கண்ணு தெரியலன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு போனா எவன் வண்டியக் கொண்டுவந்து விடுவான்? நீங்க விடுவியளா? அதப் பிடுங்கிக் கசக்கி அவன் மூஞ்சியில எறிஞ்சேன். அவன் குனிஞ்சு அத எடுத்து நீவி, மடக்கி, டூல்ஸ் பைக்குள்ள வச்சுக்கிட்டான். அவன் குணமே அதான். பதில் சொல்லித் தொலைய மாட்டான். அதுவே எனக்குக் கோவத்தக் கூட்டும்.

சரி, சீனிராசு வண்டிக்கு வாரேன். புதுக் கியர மாட்டி, நகத்தால தடவிப் புள்ளி சேத்தேன். பம்பு கியருல மட்டும் புள்ளி கொஞ்சம் ஆழமாப் பட்டுச்சு. புது மாலு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். மூடப் போகும்போது இவன், 'அத்தான், நான் ஒரு தடவ பாத்துக்கிடட்டா?'ன்னான். 'ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? போல்ட்டப் போடுல'ன்னேன். போட்டான்.

ஸ்டார்ட் பண்ணுனா வண்டி அழுது அழுது பிடிச்சுச்சு. வெள்ளையாப் பொகை. அஞ்சு நிமிசம் ஓடி நின்னுட்டு. டீசல்ல தண்ணி கலந்திருக்குன்னு சொன்னேன். சீனிராசு நம்பிட்டான். வேல செஞ்சவன் நான், சொல்லுதவனும் நான், நம்பாம என்ன செய்வான்? அப்பதான் இவன் வாயத் தொறந்தான். சீனிராசு நிக்கான், அவன் பொண்டாட்டி நிக்கா, டீக்கடைக்காரன் கிளாஸ் வாங்க வந்தவன் நிக்கான். 'பம்பு கியரு ஒரு பல்லு தள்ளி நிக்குன்னு நெனைக்கேன் அத்தான். தொறந்து பாத்துருவோம்.' அவ்வளவுதான் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான். மெதுவாச் சொன்னா மரியாதைன்னு ஆயிருமா?

எனக்குத் தலைக்கு ஏறிட்டு. சொன்னேன், 'தொறப்போம்ல. மறைவுல இல்ல, ஊரு பாக்கத் தொறப்போம். நாளைக்கு அம்மன் கோயில் கொடை, நாளைக் கழிச்சுக் காலையில தொறப்போம். ஒரு பல்லு தள்ளி நின்னா நான் ஷெட்டு போர்டக் கழத்தி அடுப்புல வைக்கேன், இனி ஸ்பானரத் தொட மாட்டேன். சரியா நின்னா நீ எஞ்ஷெட்டு வாசல மிதிக்கக் கூடாது.' டீக்கடைக்காரன் பொழுது அடையுமுன்ன ஊரு பூரா சொல்லிட்டான். நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். எனக்கென்ன பயம்?

மறுநாள் காளியம்மன் கொடை. எங்க ஊருல கொடைன்னா வீட்டுல ஒரு குஞ்சு இருக்காது. காட்டுக்கு எவனும் போக மாட்டான், களத்துல காக்கா இருக்காது. காலையில பால்கொடம், மதியக் கொடை, சாப்பாடுன்னு எல்லாரும் கோயில்லதான் கெடப்போம். இவன மட்டும் காணோம். எம்பொண்டாட்டி கனியம்மா பந்தியில தம்பிக்கு எல போட்டுட்டுத் தேடுதா. 'மானம் போயி மூலையில உக்காந்திருப்பான், விடு'ன்னேன். பொழுது சாயுத நேரத்துக்கு வந்தான். வேட்டியில கிரீஸ், இடது பெருவிரல் நகம் கருத்து வீங்கிக் கெடக்கு. கேட்டா கதவிடுக்குல மாட்டிக்கிட்டேங்கான். கொடையன்னைக்குக் கிரீஸ் வேட்டியோட கோயிலுக்கு வருதான்னு அதுக்கும் ஒரு ஏச்சு ஏசுனேன்.

அதுக்கு மறுநாள் காலையில களத்துல முப்பது நாப்பது பேரு. நான் நடுவுல நின்னு சொன்னேன், 'எல்லாரும் கேட்டுக்கிடுங்க. தொறந்தவுடனே புள்ளி சேந்து நிக்காது. வண்டி ஓடி நின்னது. பதினெட்டு சுத்து வரைக்கும் கையால சுத்தணும், நீங்க ஒண்ணு ரெண்டு எண்ணணும். ஒரு சுத்துலயாவது சேருதான்னு பாப்போம்'னு. பாலவேசந்தான் மூடியக் கழத்துனான். கழத்துன உடனே டீக்கடைக்காரன் கத்துதான், 'அண்ணாச்சி, சுத்தவே வேண்டாம், மூணு எடமும் புள்ளிக்குப் புள்ளி நிக்கி'ன்னு. எல்லாரும் எட்டிப் பாக்காங்க. நிக்கி, நிக்கிங்காங்க. நான் நகத்தால தடவுனேன். சுத்தமா நிக்கி தம்பி. ஒரு பல்லுகூடத் தள்ளி நிக்கல.

என்ன கேக்கிய? ஓடுன வண்டி எப்படிச் சரியா அந்த எடத்துலயே வந்து நின்னுச்சுன்னா? பாத்தியளா, நல்ல கேள்வி. பதினெட்டுல ஒண்ணு. அப்படி நிக்கது லேசுல நடக்காது. நான் சொல்லட்டா? கொடை முடிஞ்ச மறுநாள். காளியம்மா நிறுத்தியிருக்கா. நேர்மையா இருக்கவன் பக்கம் அவ வந்து நிப்பா. அன்னைக்கு அந்த எடத்துலயே கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணுல தண்ணி வந்துட்டு.

இவன் என்ன செஞ்சான்? தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'எங்கண்ணுதான் தப்பு அத்தான், மன்னிச்சுக்கிடுங்க'ன்னான். ஊரு சிரிச்சுச்சு. மூடிய மாட்டி வண்டிய எடுத்தா மொத சுத்துலயே பிடிச்சுச்சு. பொகையே இல்ல. சீனிராசு டீசல மாத்தியிருந்தான்லா, அதான். இவன் ஸ்பானர் எல்லாத்தையும் தொடச்சு எம்பையில அடுக்கிட்டு, சொன்னபடிக்கே போயிட்டான். அவன் பொண்டாட்டி ஊரு எட்டயபுரம். அங்கன போயி இருக்கான்.

ஜெயிச்சவன் நான். ஆனா எம்பொண்டாட்டி அன்னையில இருந்து எங்கிட்டப் பேசுததில்ல. சோத்த வைக்கா, போயிருதா. கேட்டா, 'கண்ணு தெரியாத மனுசங்கிட்ட என்னத்தச் சொல்ல'ங்கா. பாத்தியளா, அக்காளுக்கும் தம்பிக்கும் எங்கண்ணுதான் கெடச்சிருக்கு. ஷெட்டுக்கும் இப்ப வண்டி வரத்து கொறைவு. ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு, சரியில்லன்னு. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும். தனியா வேல பாக்கது ஒண்ணும் எனக்குக் கஷ்டமில்ல. அவன் இல்லாம மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குவாளியத் தொறக்கும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கும். பழக்கந்தான். போயிரும்.

அப்பதான் முந்தாநாளு கோவில்பட்டியில இருந்து போன். அங்க ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்காரன். 'பாலவேசம்னு ஒருத்தர் வேல கேட்டு வந்திருக்காரு. ஒங்ககிட்ட இருந்தவருன்னாரு. டைமிங் வேலைக்கு நம்பி விடலாமா?'ன்னு கேக்கான். போன்ல ரெண்டு வார்த்தையில முடிக்கிற விசயமா இது? நேர்ல வாரேன்னு சொல்லிட்டேன். தேஞ்ச கியரக் காட்டி, இன்ன வண்டி, இன்ன வேலை, இந்த ஆளு இல்லாத தப்பச் சொன்னான், ஊரு முன்னால தோத்தான்னு சொல்லுவேன். அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா என்னத் தப்புன்னு சொன்னவன் இன்னொரு எடத்துல மெக்கானிக்குன்னு நிக்கக் கூடாது.

பேக்கிங்க எதுக்குக் கொண்டு போறேன்னா, நம்ம வேலைச் சுத்தத்தக் காட்டத்தான். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஆயில் கசியாம வைக்கத இது. கடையில தவிட்டு நெறத்துல சீட்டு விப்பான், அத வாங்கி மூடி அளவுக்கு நான் கையால வெட்டுவேன். பூட்டிப் பிரிச்சா சாதாரணமா ஒட்டிக்கிட்டுப் பிஞ்சு பிஞ்சுதான் வரும். ஊரு முன்னால தொறந்தன்னைக்கு இது அப்பளம் மாதிரி முழுசா வந்துச்சு. எடுத்து பத்திரமா வச்சேன். இந்தாங்க, பாருங்க. கிரீஸ் காஞ்சிட்டு, பயப்படாமப் பிடிங்க. கொஞ்சம் மெலிசா இருக்கு, சீட்டுக்காரன் ஏமாத்திட்டான் போல. அதுல என்னமோ அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு எங்க தெருவுல ஒரு புள்ள சொல்லுச்சு. கம்பெனி பேரா இருக்கும். வாசிங்களேன். கேட்டா சொல்லணும்லா.

என்னது?

கண்ணா? நல்லாப் பாருங்க தம்பி. கம்பெனி பேரு கண்ணுன்னு இருக்காது.

கண் சிகிச்... அதுக்கு மேல வெட்டுல போயிட்டா. சரி, இந்தப் பக்கம் திருப்புங்க. முகாம். கீழ?

பேனாவுல எழுதுனதா?

எம்பேரா?

வயசு அறுவத்தொண்ணு. அதுவும் சரியாத்தான் போட்டிருக்கான்.

நீங்க பிடிச்சுக்கிடுங்க தம்பி, நான் ஒரு தடவ தடவிப் பாத்துக்கிடுதேன்.

நான் போட்டது தவிட்டு நெறச் சீட்டு. எங்கையால வெட்டிப் போட்டேன். இது நான் போட்டதில்ல. கொடையன்னைக்குக் கடை எல்லாம் சாத்திக் கெடந்துச்சு. பையில மடக்கி வச்சிருந்த அந்த நோட்டீசத்தான் வெட்டியிருக்கான். மூடிக்கு முன்ன நிக்குத ரேடியேட்டர ஒத்தையில தூக்கியிருக்கான், ரெண்டு பேரு தூக்குதது. நகம் போகாம என்ன செய்யும்? ஊரெல்லாம் பந்தியில உக்காந்திருக்கையில பட்டினியாக் கெடந்து நான் பூட்டுனதப் பிரிச்சு, ஒரு பல்லு நகட்டி, தொறந்தவுடனே எல்லாருக்கும் தெரியுத மாதிரி புள்ளிய நேரா நிறுத்தி மூடி வச்சிருக்கான். அம்மன் நிறுத்தலையா அப்ப. மறுநாள் வந்து எங்கண்ணுதான் தப்புன்னு சொல்லிட்டு ஊரு சிரிக்க நின்னான். நானும் அத நம்பிக் கும்பிட்டேன் தம்பி. அழுதேன்.

யாரக் கேட்டு அவன் தொட்டான்? நான் பூட்டுன வண்டிய யாரக் கேட்டுத் தொறந்தான்? என் தப்ப எடுத்துத் தலையில வச்சுக்கிட்டுப் போக அவன் யாரு? என்னைய என்னன்னு நெனச்சுட்டான்? போர்டக் கழத்துன்னா கழத்தியிருப்பேன். அடுப்புல வச்சிருப்பேன். சொன்ன சொல்லு மாறுத ஆளா நான்? அதக்கூட எனக்கு விட்டு வைக்கல, பாத்தியளா.

இப்ப எந்த ஊரு வருது? எட்டயபுரமா? கண்டக்டர் தம்பி, நான் இங்கனயே எறங்கிக்கிடுதேன். டிக்கெட்டு கோவில்பட்டிக்குத்தான், இருக்கட்டும். சமாதானம் பேச எறங்குதேன்னு நெனைக்காதீங்க. சண்டை பிடிக்கத்தான் போறேன். அவன் வீட்டு வாசல்ல நின்னு தெருவே கேக்கக் கேப்பேன். கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுல கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். வரமாட்டேன்னு சொல்லட்டும், அப்புறம் இருக்கு.

ஒரு உதவி. அந்தக் கோவில்பட்டிக்காரன் நம்பர் இந்தச் சீட்டுல இருக்கு. ஒங்க போன்ல இருந்து அடிச்சுச் சொல்லிருங்க, டைமிங் வேலைக்கு அவன விட ஆளு கெடையாதுன்னு தங்கப்பழம் சொன்னாருன்னு. அதோட, அவன் அங்க வரமாட்டான், வேற ஆளப் பாத்துக்கிடட்டும்னும் சொல்லுங்க.

சாக்க நான் தூக்கிக்கிடுதேன், அது எனக்குப் பாரமில்ல. அந்தப் பேக்கிங்க மட்டும் குடுங்க, கசக்கிராதீங்க. அப்புறம் தம்பி, கையக் கொஞ்சம் பிடிச்சு எறக்கி விடுங்க. படி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியல.